இருபத்திரண்டு மாஸ்க்

ஆட்கள் ஓரிடத்தில் நிற்க மாட்டார்கள். படகில் ஏறிய அடுத்த நிமிடமே ஒருவன் கூரை மேல் இருப்பான், ஒருத்தி கழிவறையில் இருப்பாள், இரண்டு பேர் முன்பக்கத்தில் இழுத்துக் கட்டிய வலையில் குப்புறப் படுத்துக்கொண்டு கடலைப் படம் பிடிப்பார்கள். எண்ணிக்கொண்டே போனால், ஏற்கெனவே எண்ணிய ஆள் சட்டையை மாற்றிக்கொண்டு எதிரே வந்து பல்லைக் காட்டுவான். அதனால் படகில் வழிகாட்டியாக இருக்கும் அவள் ஆட்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டாள். மாஸ்க்கை எண்ணுவாள். தண்ணீரில் இறங்கும்போது ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். ஏறி வரும்போது ஏணிக்குப் பக்கத்தில் இருக்கும் நீலத் தொட்டியில் போடச் சொல்வாள். கொடுத்தது இருபத்திரண்டு, தொட்டியில் இருப்பது இருபத்திரண்டு என்றால் எல்லாரும் ஏறியாயிற்று. மாஸ்க் ஓடாது, ஒளியாது, சட்டை மாற்றாது.

இந்த யோசனை அவளுடைய சொந்தச் சரக்கு. துறையில் மற்றப் படகுக்காரர்களிடம் அண்ணன் பீற்றிக்கொள்வான். "என் தங்கச்சி மூளை உங்க யாருக்காவது இருக்கா? தலைய எண்ணித் தலைவலிய வாங்கிக்கிறீங்க."

படகு அண்ணனுடையது. இரண்டு ஒல்லியான படகுடல்களை ஒரு அகலத் தளத்தால் சேர்த்த வெள்ளைப் படகு, கேட்டமரான் வகை. அண்ணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து போனில் சீட்டுப் பதிவு பார்ப்பாள், அண்ணன் சுக்கான் பிடிப்பான், அவள் தண்ணீருக்குள் ஆட்களை மேய்ப்பாள். சமையலுக்கும் இஞ்சினுக்கும் சேர்த்து ஒரே ஆள், சட்டி. அவனுடைய உண்மைப் பெயர் அவனுக்கே மறந்திருக்கும்.

காலையில் கிளம்பி, பவளப்பாறையில் நீந்தவிட்டு, சாப்பாடு போட்டு, ஆளில்லாத மணல் தீவு ஒன்றில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இதுதான் பயணம். தனியாகப் படகு பிடிக்கக் கட்டுப்படியாகாதவர்கள் ஒரு சீட்டு, இரண்டு சீட்டு என்று வாங்கிக்கொண்டு வருவார்கள். காலையில் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு உட்காருவார்கள், சாயங்காலம் நம்பர் வாங்கிக்கொண்டு பிரிவார்கள். அடுத்த வாரம் அந்த நம்பர் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு வந்தவர்களில் ஒரே ஆபீசைச் சேர்ந்த கும்பல் ஒன்று இருந்தது, எட்டுப் பேர், ஏறும்போதே கத்தல். கல்யாணமாகி இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு ஜோடி. பிள்ளைகளோடு மூன்று குடும்பங்கள். இவர்களுக்கெல்லாம் கடைசியாக, பிளாஸ்டிக் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தனியாக ஒரு மனிதர். அறுபதைத் தாண்டியிருக்கும். பலகையில் கால் வைக்கும் முன்னே வாயைத் திறந்துவிட்டார்.

"கட்டுமரம்னு சொன்னாங்கம்மா. நாலு கட்டையச் சேர்த்துக் கட்டி வச்சிருப்பாங்கன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இது என்னடான்னா கல்யாண மண்டபம் மாதிரில்ல இருக்கு!"

"மண்டபத்துக்குள்ள செருப்போட வரக்கூடாது அங்கிள். கூடையில போடுங்க" என்றாள் அவள்.

"களவு போயிடாதே?"

"நடுக்கடல்ல செருப்பத் திருடிட்டு எவன் எங்க ஓடுவான்?"

"அதுவும் நியாயந்தான்." செருப்பை ஜோடியாக வைத்துவிட்டுத் தளத்தைக் காலால் அழுத்திப் பார்த்தார். "லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன்மா நான். ஆயுசு முழுக்க மேலயும் கீழயும் போயே காலம் போச்சு. பக்கவாட்டுல போறது இதான் முதல் தடவை."

ஆபீஸ் கும்பல் இதற்கே விழுந்து விழுந்து சிரித்தது. படகு துறையைத் தாண்டுவதற்குள் அவருக்குக் கமெண்ட் மாமா என்று பெயர் விழுந்துவிட்டது. அவரும் விடவில்லை. பாய்மரத்தைப் பார்த்தால் ஒரு கமெண்ட். அண்ணனின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தால் ஒரு கமெண்ட். புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் வலையில் ஒட்டிக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்து, "வலை ஒண்ணு போதும், நீங்க ரெண்டு பேரும் ஏற்கெனவே மாட்டிக்கிட்டீங்க" என்றார். அந்தப் பெண் வெட்கப்பட்டுக்கொண்டே அவருக்குப் பக்கத்தில் இடம் விட்டாள்.

நடுவில் மகள் போன் பண்ணினாள். அவளும் வருவதாகத்தான் இருந்ததாம். பேரனுக்குக் காய்ச்சல். "நீ அவனப் பாரு, நான் மீனப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை உலர்பெட்டிக்குள் போட்டார். நனையக் கூடாததையெல்லாம் போட்டுவைக்கும் பெட்டி அது.

பாறையில் ஆரஞ்சு மிதவை ஒன்று உண்டு. படகை அதில்தான் கட்டுவார்கள். அவள் கயிறு போட்டு எல்லை காட்டினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போகக் கூடாது. விசில் ஊதினால் திரும்பி வர வேண்டும். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்தால் நலம், கையை ஆட்டினால் உதவி. எல்லாருக்கும் மாஸ்க், மூச்சுக்குழாய், காற்று ஊதி மிதக்கும் மஞ்சள் மேல்சட்டை கொடுத்தாள்.

"கண்ணாடிக்குள்ள எச்சில் துப்பித் தேய்ச்சுட்டுக் கழுவுங்க. அப்பத்தான் பனி படராது."

"உவ்வே" என்றான் கும்பலில் ஒருவன்.

"சொந்த எச்சில்தானே தம்பி, பக்கத்து வீட்டுல வாங்கினதா?" என்றார் கமெண்ட் மாமா. ஓய்வு பெற்ற பிறகு நகராட்சிக் குளத்தில் நீச்சல் படித்தவராம். படித்தவர்தான் என்பது இறங்கிய விதத்திலேயே தெரிந்தது. சத்தமில்லாமல், நிதானமாக, முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு மிதந்தார். வாய் மூடிய நேரம் அது ஒன்றுதான்.

தொல்லை வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஆபீஸ் கும்பலில் ஒருவனுக்கு முறுக்கிவிட்ட பெரிய மீசை. மீசை இருந்தால் மாஸ்க் தோலோடு ஒட்டாது, அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். காலையிலேயே வாசலின் தடவிக்கொள்ளச் சொல்லியிருந்தாள். "மீசைக்கு எண்ணெய் போடறவன் நான், மெழுகா போடுவேன்?" என்று கேட்டவன் அவன். நடுப்பாறையில் மூக்குக்குள் தண்ணீர் போனதும் அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பேரையும் முக்கினான். விலக்கி, இழுத்து, ஏணியில் ஏற்றி, இருமவிட்டு, அவன் மாஸ்க்கைப் பிடுங்கித் தொட்டியில் எறிந்தாள். மாற்றுப் பெட்டியிலிருந்து அகல விளிம்பு மாஸ்க் ஒன்றை எடுத்து, அவன் மீசை மேல் தன் கையாலேயே வாசலினை அப்பி மாட்டினாள்.

"மானம் போச்சு" என்றான் மீசை.

"உயிர் இருக்குல்ல? இறங்குங்க."

அவனை மறுபடி தண்ணீரில் விட்டபோதுதான் கயிற்றோரத்தில் கமெண்ட் மாமாவைப் பார்த்தாள். தலையைத் தூக்கி, குழாயைத் துப்பிவிட்டு, "ஆமை! இவ்ளோ பெருசு!" என்று கத்தினார். கையால் அந்தப் பக்கம் காட்டினார். கயிற்றுக்கு உள்ளேயே இருங்கள் என்று அவள் கையால் சைகை காட்டினாள். அவர் விரல்களை வட்டமாகச் சேர்த்தார். அதற்குள் ஒரு குழந்தை உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதது. அவள் அந்தப் பக்கம் திரும்பினாள்.

பிறகு காற்று மாறியது. அண்ணன் மேலேயிருந்து கத்தினான். "நீரோட்டம் திரும்புது, ஏத்து, ஏத்து!" விசில் ஊதினாள். ஆட்கள் ஏணியில் முட்டிக்கொண்டு ஏறினார்கள். தொட்டியில் மாஸ்க்குகள் சளசளவென்று விழுந்தன. அவள் எண்ணினாள். இருபத்திரண்டு. இரண்டாம் தடவையும் எண்ணினாள். அந்த விஷயத்தில் அவள் கறார். இருபத்திரண்டேதான்.

"சரி!" என்று கையைத் தூக்கினாள். சட்டி மிதவையிலிருந்து கயிற்றை அவிழ்த்தான்.

மணல் தீவுக்கு ஒரு மணி நேர ஓட்டம். பாட்டு அலறியது. ஈர உடம்போடு ஆட்கள் ஆளுக்கொரு மூலையில் சாய்ந்துவிட்டார்கள். படகு முன்னைவிட அமைதியாக இருப்பது போல அவளுக்குத் தோன்றியது. நீந்திய களைப்பு என்று நினைத்துக்கொண்டாள். தீவுக்கு முன்னால் நங்கூரம் போட்டுச் சாப்பாடு பரிமாறும்போது சட்டி, "ஒரு பிளேட் மிச்சம் நிக்குது" என்றான்.

"எவராவது வாந்தி எடுத்துட்டுப் படுத்திருப்பாங்க. மூடி வை."

சாப்பிட்டவர்களைச் சின்னப் படகில் தடவை தடவையாகக் கரைக்குக் கொண்டுபோய் விட்டான் சட்டி. அவள் பின்தளத்தில் உட்கார்ந்து நல்ல தண்ணீர் வாளியில் மாஸ்க்குகளை அலசத் தொடங்கினாள். உலர்பெட்டிக்குள் போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. மூன்றாம் தடவை எழுந்து போய்ப் பார்த்தாள். திரையில் ‘பெரியவ’ என்று இருந்தது.

"இது யார் போன்டா?"

சட்டி எட்டிப் பார்த்தான். "கமெண்ட் மாமாவோடது. காலையில பேசினாரே."

"அவரு எங்க?"

"கரைக்குப் போயிருப்பாரு."

"நீ கொண்டுபோய் விட்டியா?"

சட்டி கரைப் பக்கம் பார்த்தான். "யார் யாரு ஏறினாங்கன்னு யாரு அக்கா பாத்தா? தொப்பி தொப்பியா உக்காந்திருந்தாங்க."

கீழ் அறைகளைப் பார்த்தாள். கழிவறைகளைத் தட்டினாள். கூரையில் ஏறிப் பார்த்தாள். யாருமில்லை. சின்னப் படகில் கரைக்குப் போய்ச் சிரித்த முகத்தோடு கேட்டாள். பதற்றத்தைக் காட்டினால் கூட்டம் கூடிவிடும்.

"கமெண்ட் மாமாவப் பாத்தீங்களா? வீட்டுலருந்து போன்."

"இப்பத்தான் இங்க இருந்தாரு" என்றான் ஆபீஸ் கும்பலில் ஒருவன், பந்தைக் கையில் சுழற்றிக்கொண்டே.

"ஆமா, அந்தப் பாறைப் பக்கம் போனாரு" என்றான் இன்னொருவன். "சாப்பாட்டுல ரெண்டு தடவை மீன் வாங்கினாரே. மீன் என்னப் பாத்து முறைக்குதுன்னு ஏதோ சொன்னாரு."

"அது நீ சொன்னதுடா."

"டேய், அவருதான் சொன்னாரு. எனக்கு எங்க இப்படியெல்லாம் வரும்?"

புதுப் பெண் குழம்பினாள். "என் பக்கத்துல உக்காந்துதான் வந்தாரு… அது காலையிலயா, இப்பவா?"

"இப்பத்தான்டி" என்றான் மாப்பிள்ளை. "வெயில் சுடுதுன்னாரே."

எல்லாரும் அவரைப் பார்த்திருந்தார்கள். அப்படிப் பேசும் ஒரு மனிதர் பக்கத்தில் இல்லை என்று யாராலும் நினைக்க முடியவில்லை. காலையில் கேட்டதையெல்லாம் மத்தியானத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். அவளுக்கும் ஒரு நொடி நெஞ்சுப் பாரம் இறங்கியது. இங்கேதான் எங்கோ இருக்கிறார்.

அப்போது மீசை தண்ணீரிலிருந்து எழுந்து வந்தான். மாஸ்க் அழுத்திய வட்டம் இன்னும் முகத்தில் சிவப்பாக இருந்தது. மீசையில் வாசலின் பளபளத்தது.

அவள் அந்த வட்டத்தையே பார்த்தாள்.

இவனுக்கு இரண்டு மாஸ்க். ஒழுகியதைத் தொட்டியில் போட்டது அவள். இரண்டாவதைக் கொடுத்ததும் அவள். இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணினாள். அப்படியானால் இருபத்திரண்டு மாஸ்க்குக்கு இருபத்தொரு ஆள்தான் ஏறியிருக்கிறார்கள்.

சின்னப் படகுக்குக் காத்திருக்கவில்லை. நீந்தியே போய் ஏறினாள். அண்ணன் சுக்கான் பக்கத்து நிழலில் காலை நீட்டித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே. அந்த லிஃப்ட்காரர விட்டுட்டு வந்துட்டோம்."

"எங்க?"

"பாறையில. தண்ணியில."

அண்ணன் கோப்பையைக் கீழே வைத்தான். "நீ எண்ணின. சரின்னு கையத் தூக்கின. நான் என் கண்ணால பாத்தேன்."

"மீசைக்காரருக்கு ரெண்டு குடுத்தேன். மறந்துட்டேன்."

அவன் கரையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "கீழ கேட்டியா?"

"இங்கதான் இருந்தாருங்கறாங்க. எல்லாரும்."

"அப்புறம் என்ன? எல்லாரும் பாத்திருக்காங்க, நீ ஒருத்திதான் பாக்கல. கரையில எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு. வயசான மனுஷன்."

"அண்ணே, ஒரு பிளேட் மிச்சம்."

"பிளேட்டு மிச்சம்னா ஆளு செத்துட்டானா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு." குரலைத் தாழ்த்தினான். "போன வருஷம் ஒருத்தி இடுப்ப ஒடிச்சுக்கிட்டதுக்கே துறைமுகத்துக்காரன் கடைசி எச்சரிக்கைன்னு சொல்லிட்டான். இப்ப நீ தண்ணியில விட்டுட்டு வந்தேன்னு சொல்லு. படகு போகும். அது போகட்டும். எண்ணினது யாருன்னு கேப்பான். உன்னத்தான் உள்ள தள்ளுவான். அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"அவரு அங்க மிதந்துக்கிட்டு இருக்காருண்ணே."

"இருந்தாதானே? கரையில தேடச் சொல்றேன். சும்மா இருக்கேன்னா சொன்னேன்? ரோந்துக்காரங்களக் கூப்பிடறேன். தேடட்டும்."

வயர்லெஸ்ஸை எடுத்தான். மணல் தீவில் பயணி ஒருவரைக் காணவில்லை, கரையில் இறங்கியவர், வயதானவர் என்றான். அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கருவி அவள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. வாங்கி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. உள்ளே தள்ளுவான் என்ற சொல் காதுக்குள் நின்றது. எல்லாரும் பார்த்திருக்கிறார்கள் என்பதும் நின்றது. எட்டுப் பத்துப் பேர் பொய் சொல்வார்களா? நான்தான் தப்பாக யோசிக்கிறேனோ? ஆமையைப் பார்த்துவிட்டு அவர் பாட்டுக்கு ஏறியிருக்கக் கூடாதா? மாஸ்க்கைத் தொட்டியில் போடாமல் பையில் போட்டிருக்கக் கூடாதா?

அவருடைய பிளாஸ்டிக் பை இருக்கைக்கு அடியில் இருந்தது. அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு துண்டு, மாற்றுச் சட்டை, சீப்பு.

கரைக்குப் போனாள். எல்லாரும் தேடினார்கள். ரோந்துப் படகு வந்தது, இரண்டு பேர் இறங்கினார்கள். "அங்கிள்! அங்கிள்!" என்று அவளும் கத்திக்கொண்டு புதர்களுக்குள் போனாள். கூப்பிட்டால் வந்துவிடுவார் என்று நம்பினாள் என்று சொல்ல முடியாது. நம்ப ஆசைப்பட்டாள். ஆபீஸ் கும்பல் தேடுவதையே ஒரு விளையாட்டாகப் பிரித்துக்கொண்டது, நாலு பேர் இந்தப் பக்கம், நாலு பேர் அந்தப் பக்கம்.

"எங்கயாவது ஒளிஞ்சு உக்காந்துக்கிட்டு நம்மளப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருக்கும் பெருசு" என்றான் ஒருவன்.

"வரட்டும், தூக்கித் தண்ணியில போடலாம்."

சிரித்தார்கள். வெயில் மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அலைகளுக்கு மேல் வெள்ளை நுரை தெரியத் தொடங்கியது. தீவை ஒரு தடவை சுற்றி முடித்து இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பினார்கள்.

அவள் தலையைத் திருப்பியபோது ரோந்துப் படகு கண்ணில் பட்டது. மூக்கை மணலில் ஏற்றி, இஞ்சினை நிறுத்தி, சும்மா கிடந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் வேகமாக ஓடக்கூடியது அது ஒன்றுதான். அது கிடக்கிறது. இரண்டு ரோந்துக்காரர்களும் முள்ளுக்குள் குனிந்து குனிந்து தேடுகிறார்கள். இருக்கவே இருக்காத இடத்தில்.

அவள் ஓடினாள். ரோந்துத் தலைவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"சார், அவரு இங்க இல்ல. கரைக்கே வரல. பாறையில தண்ணியிலயே விட்டுட்டு வந்துட்டோம். ஆரஞ்சு மிதவை பக்கத்துல."

தலைவர் திரும்பித் தன் ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே ஓடினார். மூன்று பேரும் சேர்ந்து படகைத் தண்ணீருக்குள் தள்ளினார்கள். அவளும் ஏறிக்கொண்டாள். பின்னால் பெரிய படகில் அண்ணன் எழுந்து நிற்பது தெரிந்தது.

அந்தப் படகு ஒவ்வொரு அலையிலும் எழுந்து அறைந்தது. பேச வழியில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தாள். எண்ணெய் தடவாத நரைத்த தலை ஒன்று அலைக்கு மேல் எழும், விரல்களை வட்டமாகச் சேர்த்துக் காட்டும், ஏதாவது ஒரு கமெண்ட் அடிக்கும். அடிக்கட்டும். செருப்பால்கூட அடிக்கட்டும்.

மிதவை தெரிந்தது. அதோடு வேறு ஏதோ நிறமும் தெரிந்தது. மேல்சட்டையின் மஞ்சள்.

அவர் படகு இருந்த இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறார். ஆமையைத் துரத்திப் போனவர் தலையைத் தூக்கிப் பார்த்தபோது படகு எங்கேயோ போய்க்கொண்டிருந்திருக்கும். கத்தியிருப்பார். பிறகு நீரோட்டத்துக்கு எதிராக நீந்தி, படகைக் கட்டியிருந்த மிதவையைப் பிடித்திருக்கிறார். மேல்சட்டையின் வாரை மிதவைக் கயிற்றோடு சேர்த்து முடிச்சுப் போட்டிருந்தார். சாதாரண முடிச்சில்லை. எடையைத் தாங்க வைப்பவன் போடும் முடிச்சு, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கியது. சட்டையில் பாதிக் காற்று இறங்கியிருந்தது. ஊதும் குழல் பல்லுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அலை வந்து முகத்தை மூடியது, விலகியது, மறுபடி மூடியது.

முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. ரோந்துக்காரர் கத்தியால் வாரை அறுத்தார். தூக்கிப் படகின் தரையில் கிடத்தினார்கள். அவள் மண்டியிட்டு நெஞ்சை அமுக்கினாள். வாயில் ஊதினாள். மறுபடி அமுக்கினாள். பயிற்சியில் ரப்பர் பொம்மைக்குச் செய்தது அத்தனையும் செய்தாள். கடல் தண்ணீர்தான் வெளியே வந்தது. கை ஓய்ந்ததும் ரோந்துக்காரர் மாறினார். அவர் ஓய்ந்ததும் அவள் மாறினாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் தலைவர் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும்மா."

"இன்னும் கொஞ்சம் சார்."

"போதும்." கிடந்தவருடைய தாடையை, விரல்களை மெல்ல அசைத்துப் பார்த்தார். "உடம்பு இன்னும் விறைக்கல. ரொம்ப நேரம் ஆகியிருக்காது." அவளிடம் சொல்லவில்லை, தன் ஆளிடம்தான் சொன்னார். அவளுக்கும் கேட்டது.

ரொம்ப நேரம் ஆகியிருக்காது. இவள் புதருக்குள் அங்கிள், அங்கிள் என்று கத்திக்கொண்டிருந்தபோது இவர் வாரை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். சட்டையை ஊதிக்கொண்டிருந்திருக்கிறார். தீவைச் சுற்றியது முதல் சுற்று. இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பியது. உயிர் போனது அந்தச் சுற்றிலா, இந்தச் சுற்றிலா?

பெரிய படகு வந்து சேர்ந்தது. எல்லாரையும் ஏற்றிக்கொண்டு அண்ணன் ஓட்டி வந்திருந்தான். பாட்டு இல்லை. ஆட்கள் கைப்பிடிக் கம்பியோரம் வரிசையாக நின்று கீழே பார்த்தார்கள். ஒரு தாய் பிள்ளையின் முகத்தைத் தன் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். புதுப் பெண் உட்கார்ந்துவிட்டாள். "மத்தியானம் இல்லடா, காலையில. காலையிலதான்டா பக்கத்துல உக்காந்தாரு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஆபீஸ் கும்பலில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மீசை மட்டும் அவளையே பார்த்தான். தன் முகத்தைத் தொட்டுக்கொண்டான்.

ரோந்துத் தலைவர் தார்ப்பாயை எடுத்து அவரை மூடினார். பிறகு நிமிர்ந்து அண்ணனைப் பார்த்து, இரண்டு இஞ்சின்களின் சத்தத்துக்கு மேல் கத்தினார். "வயர்லெஸ்ல கரையில காணோம்னுதானே சொன்னீங்க? இங்க விட்டது எப்பத் தெரியும்?"

"தெரியாது சார்" என்று கத்தினான் அண்ணன். "உங்ககிட்ட ஓடி வந்து சொன்னாள்ல, அப்பத்தான் அவளுக்கே தோணியிருக்கு. அதுவரைக்கும் நாங்க எல்லாரும் கரையிலதான்னு நினைச்சோம். இவங்களையே கேளுங்க."

சிலர் தலையாட்டினார்கள். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

அண்ணன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். சின்ன வயதில் அவள் ஏதாவது உடைத்துவிட்டால், அம்மா வருவதற்குள் அவளைப் பார்க்கும் அதே பார்வை. பேசாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். அப்போதெல்லாம் அவன் பார்த்துக்கொண்டான் என்பதும் உண்மை. அடியும் அவன்தான் வாங்கியிருக்கிறான்.

"இல்ல" என்றாள்.

தலைவர் காதைச் சாய்த்தார். "என்ன? கேக்கல."

அண்ணன் உதட்டை மட்டும் அசைத்தான். வேண்டாம்.

அலை தூக்கிப் போட்டதில் தார்ப்பாயின் ஒரு மூலை விலகியது. அவள் குனிந்து அதைச் சரியாக இழுத்துவிட்டு எழுந்தாள். மூச்சை நிறைய இழுத்துக்கொண்டாள். மேலே நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினாள்.

"அண்ணன் வயர்லெஸ்ல சொல்றதுக்கு முன்னாடியே தெரியும் சார். எனக்குத் தெரியும். அண்ணன்கிட்ட சொன்னேன். அப்புறமும் பேசாம நின்னேன். நீங்க வந்து தேடினீங்கள்ல, அவ்வளவு நேரமும் தெரியும்."

அவள் கத்திக்கொண்டிருக்கும்போதே அண்ணன் இஞ்சினை அணைத்தான். ரோந்துக்காரரும் அணைத்தார். கடைசி வார்த்தைகள் சத்தமில்லாத கடலில் தேவைக்கு மேல் உரக்கக் கேட்டன.